ஊற்றியவளின் கலம்

அழகன்குளத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் புறநானூற்றின் 56ஆம் பாட்டைத் துணைக்கு அழைக்கிறார்கள். பாண்டிய மன்னன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்திய பாட்டு அது. யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் பொன்னால் செய்த கலத்தில் ஏந்தி, ஒளிவீசும் தொடி அணிந்த மகளிர் நாள்தோறும் ஊட்ட, அதை உண்டு மகிழ்ந்து நீ இனிது வாழ்க என்று புலவர் அரசனிடம் சொல்கிறார். மண்ணுக்குள்ளிருந்து ஆம்போரா சாடியின் உடைந்த கைப்பிடி ஒன்று வந்துவிட்டால் போதும், இந்தப் பாட்டு உடனே சான்றாக வந்து நின்றுவிடும். இலக்கியமும் தொல்லியலும் ஒன்றையொன்று மெய்ப்பித்துவிட்டதாக நாமும் மகிழ்ந்துபோகிறோம்.

இந்த மகிழ்ச்சியில் ஒரு விடுபடல் இருக்கிறது. யவனர் யார் என்று ஆராய்ந்திருக்கிறோம். தேறல் எந்த நாட்டு மது என்று விவாதித்திருக்கிறோம். மன்னன் எந்த மாறன் என்று கால வரிசை போட்டிருக்கிறோம். கலம் கப்பலா, குப்பியா என்பதற்குக்கூட இரண்டு கட்சிகள் உண்டு. யவனருக்கும் மன்னனுக்கும் நடுவில், கலத்தைக் கையில் ஏந்தி நிற்கும் பெண்களைப் பற்றி மட்டும் யாருக்கும் கேள்வி இல்லை. உரைகாரருக்கும் இல்லை, தொல்லியலாளருக்கும் இல்லை. அவர்கள் அரண்மனையின் தூண்களைப் போல அங்கே நிற்கிறார்கள். இருப்பதால் கட்டடம் நிற்கிறது, ஆனால் கண்ணில் படுவதில்லை.

ரோமானிய மதுக்கலங்கள் தமிழகக் கடற்கரைக்கு வந்த கதையை அந்தப் பெண்களின் கையிலிருந்து வாசிக்க முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

மூன்று கலங்கள்

பாட்டின் அந்தப் பகுதியில் 'கலம்' என்ற சொல் அடுத்தடுத்து மூன்று முறை வருகிறது. இரந்து வருபவர்களுக்கு மன்னன் குறையாமல் கொடுக்கும் அருங்கலம். யவனர் தந்த தேறலோடு வரும் நன்கலம். பெண்கள் ஏந்தும் புனைகலம். தமிழில் கலம் என்றால் பாத்திரம், கலம் என்றால் கப்பல், கலம் என்றால் அணியும் நகை. மூன்று பொருளும் நக்கீரருக்குத் தெரிந்தே இருக்கும். நடுவில் உள்ள நன்கலத்தைப் பழைய உரை குப்பி என்று கொள்கிறது. பின்னால் வந்தவர்களில் பலர் நல்ல கப்பல் என்று கொண்டார்கள். கடல் வணிகப் பெருமை வளர வளர, குப்பி சுருங்கிக் கப்பல் பெருத்தது.

மூன்று கலங்களுக்கும் உரியவர்கள் யார் என்று பாருங்கள். முதல் கலம் மன்னனுடையது, அவன் கொடுக்கிறான். இரண்டாவது யவனருடையது, அவர்கள் தருகிறார்கள். மூன்றாவது கலம் பெண்களின் கையில் இருக்கிறது, ஆனால் அது அவர்களுடையது அல்ல. அவர்கள் எதையும் கொடுப்பதில்லை, ஏந்துகிறார்கள். மன்னனுக்கு ஈகை என்ற புகழ் உண்டு, யவனருக்கு நாடு உண்டு, பெண்களுக்குத் தொடி மட்டும் உண்டு. அவர்களை அடையாளம் காட்ட வளையலை விட்டால் பாட்டில் வேறொரு சொல்லும் இல்லை. கலத்துக்குப் பொன் அழகு, கைக்குத் தொடி அழகு என்று இரண்டும் ஒரே வரிசையில் வைக்கப்படுகின்றன. கலமும் கையும் அலங்கரிக்கப்பட்ட பொருள்களாகிவிடுகின்றன.

ஆனாலும் நக்கீரர் ஒரு சிறு சொல்லை உள்ளே விட்டுவிட்டார்: 'நாளும்'. நாள்தோறும் ஊற்றுகிறார்கள். விழா நாளில் நடந்த சடங்கல்ல அது, அன்றாட வேலை. வேலை என்றால் அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பயிற்சி வேண்டும், அலுப்பும் உண்டு. அந்த ஒற்றைச் சொல்லில்தான் பாட்டின் பளபளப்பு கொஞ்சம் விரிசல் விட்டு, உழைப்பு எட்டிப் பார்க்கிறது.

நக்கீரர் பெயரிலேயே வழங்கும் நெடுநல்வாடையை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அங்கே பாண்டியன் அரண்மனையில் யவனர் செய்த பாவை விளக்கு எரிகிறது. பெண் உருவில் வார்க்கப்பட்ட பாவை. அதன் கையில் அகல். நெய் வற்ற வற்ற ஊற்றித் திரியைத் தூண்டிவிட வேண்டும், பாவை மட்டும் அசையாமல் ஏந்தியபடி நிற்கும். ஒரு பாட்டில் உயிருள்ள பெண்கள் கலம் ஏந்துகிறார்கள், இன்னொன்றில் உலோகப் பெண் விளக்கு ஏந்துகிறாள். அரண்மனையின் கண்ணுக்கு இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்திருக்கும்? அதே நெடுநல்வாடையில் அரசி கணவனைப் பிரிந்து, பெரிய கட்டிலில் தூங்காமல் கிடக்கிறாள். ஏந்துகிறவள், காத்திருக்கிறவள், உலோகமாய் நிற்கிறவள் என்று அரண்மனைக்குள் பெண்ணுக்கு இருந்த இருப்புகளை இந்த இரண்டு பாட்டுகளே காட்டிவிடுகின்றன.

அரசனை வாழ்த்தும் பாட்டில் பணிப்பெண்ணின் வரலாற்றைத் தேடுவது நியாயமா என்று கேட்கலாம். துறை வேறு, மரபு வேறு என்பார்கள். அப்படியானால் அதே பாட்டில் வணிக வரலாற்றைத் தேடுவது மட்டும் எப்படி நியாயமாயிற்று? யவனரின் தேறலுக்கு அந்தப் பாட்டு சான்று என்றால், அதை ஊற்றிய கைகளுக்கும் அது சான்றுதான். பாதி வரியை ஆவணமாகவும் மீதி வரியை அலங்காரமாகவும் வாசிக்கும் பழக்கத்தைத்தான் நாம் கேள்வி கேட்கிறோம்.

வடித்தவள்

தேறல் என்ற சொல்லுக்கு அரண்மனை மட்டும் முகவரி அல்ல. சிறுபாணாற்றுப்படையில் பாணர்கள் எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊருக்குப் போகிறார்கள். அங்கே நுளைமகள் ஒருத்தி இருக்கிறாள். நுளையர் என்போர் நெய்தல் நிலத்து மீனவர். அலை கொண்டுவந்து கரையில் போட்ட மணமுள்ள மரத்துண்டுகள், தூங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடக்கின்றன. அவள் அதை விறகாக்கித் தீ மூட்டுகிறாள், கரும்புகை எழுகிறது. பழைய தேறலை அவள் வடிகட்டித் தருகிறாள். அதைப் பாணர்களுக்கு ஊட்டுகிறவர்கள் பரதவர். கூடவே சுட்ட மீனும் உண்டு.

56ஆம் பாட்டில் பெண்கள் ஊட்டுவதற்கு வரும் அதே வினைச்சொல்தான் இங்கே பரதவர் ஊட்டுவதற்கும் வருகிறது. மதுரை அரண்மனையில் பெண்கள் ஊற்ற ஆண் குடிக்கிறான். கடற்கரையில் பெண் வடிக்க, ஆண்கள் வந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள். அரண்மனைப் பெண்ணின் கையில் பொன் கலம் இருக்கிறது, தொழில் நுட்பம் இல்லை. நுளைமகளிடம் பொன் இல்லை. விறகு, தீ, வடிப்பது, எப்போது பதம் என்பதை அறிவது எல்லாம் அவளுடைய அறிவு. அவளையும் புலவர் சும்மா விடவில்லை; நிலவு ஏங்கும் முகம், வேல் போன்ற கண் என்று வர்ணித்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகிறார். ஆனால் அந்த வர்ணனைக்குப் பிறகும் அவள் கையில் வேலை மிஞ்சி நிற்கிறது. ஒருத்தியை அணிகலனாக மட்டும் பார்ப்பதற்கும், அழகு பாடினாலும் தொழிலை மறைக்காமல் பாடுவதற்கும் உள்ள வேறுபாடு அது.

குடித்த பெண்களும் இலக்கியத்தில் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் இரவில் மட்டை ஒதுக்கி மதுவை உண்டு மகிழ்ந்ததைப் பட்டினப்பாலை மறைக்கவில்லை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டின் தொடக்கமே கள்தான். கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட அவனும் மகிழ்ந்து உண்பான் என்று அழுகிறார். நட்பின் அளவுகோல் அங்கே கள். ஊற்றுகிறவளாக அல்ல, சேர்ந்து குடிக்கிறவளாக ஒரு பெண் அரசனின் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். பிற்காலம் ஔவையைக் கூன் விழுந்த கிழவியாக்கி, கையில் கோலைக் கொடுத்து, குழந்தைகளுக்கு நீதி சொல்ல அனுப்பியபோது முதலில் பிடுங்கியது அந்தக் கள் கலயத்தைத்தான்.

மதுவை அனுப்பிய ரோமாபுரியில் நிலைமை என்ன? எக்னேஷியஸ் என்பவனின் மனைவி சாடியிலிருந்து மது குடித்தாள் என்பதற்காக அவன் அவளை அடித்தே கொன்றதையும், ரோமுலஸ் அவனைக் குற்றமற்றவன் என்று விடுவித்ததையும் பிளினி எழுதுகிறார். பெண்ணின் வாயில் மது வாடை வருகிறதா என்று அறியவே உறவுக்கார ஆண்கள் அவளை முத்தமிடும் வழக்கம் வந்தது என்று கேட்டோ சொன்னதாகவும் குறிக்கிறார். பிளினி வாழ்ந்த முதல் நூற்றாண்டில் ரோமானியப் பெண்கள் விருந்துகளில் அமர்ந்து குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஒழுக்கம் என்று பேச்சு வந்தால் எடுத்துச் சொல்ல அந்தக் கொலைக்கதை தயாராக இருந்தது.

இதே காலத்தில் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரப் பட்டறைகளில், சிவந்து மின்னும் அரிட்டைன் கலங்கள் அச்சில் வார்க்கப்பட்டன. மதுவிருந்துக்கான கலங்களின் வெளிச்சுவரில் புடைப்புச் சிற்பங்கள் ஓடின: மது தெய்வமான பாக்கஸின் பின்னே மயங்கி ஆடும் பெண்கள், கூடை போன்ற தலையணியோடு நடனமிடும் பெண்கள், விருந்துக் கட்டில்களில் காதலர்கள். கலத்தின் மேல் பெண் குடித்து ஆடலாம். கலத்துக்குள் இருப்பதைக் குடித்தால் பழைய கதையில் அடி விழும். அலங்காரத்தின் அரசியல் என்று நாம் சொல்வது இதைத்தான். அந்தக் கலங்களில் பட்டறை முதலாளியின் பெயரோடு அடிமைத் தொழிலாளியின் பெயரும் முத்திரையாகப் பதிவதுண்டு. பெரேனியஸ் என்ற முதலாளியின் பட்டறையில் வேலை செய்த அடிமைகள் சிலரை அப்படித்தான் இன்றைக்கு நாம் பெயர் சொல்லி அறிகிறோம். அடிமையின் பெயராவது களிமண்ணில் தங்கியது. ஊற்றியவளின் பெயர் எந்த மண்ணிலும் இல்லை.

சரக்குப் பட்டியல்

பெயர் இல்லை என்பதைவிடக் கொடியது ஒன்று உண்டு; விலைப்பட்டியலில் இருப்பது. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'எரித்திரியக் கடலின் பெரிப்ளஸ்' என்னும் வணிகக் கையேடு, மேற்குக் கரையின் பாரிகாசாத் துறைமுகத்துக்கு, அதாவது இன்றைய பரூச்சுக்கு, அரசனுக்காகக் கொண்டுபோக வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறது: விலையுயர்ந்த வெள்ளிப் பாத்திரங்கள், பாடும் அடிமைகள், அந்தப்புரத்துக்கான அழகிய கன்னிப் பெண்கள், உயர்ந்த மது, ஆடம்பர ஆடை, நறுமணத் தைலம். பாத்திரம், பெண், மது மூன்றும் ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கின்றன. எழுதியவருக்கு அதில் எந்தக் கூச்சமும் இல்லை. அவர் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தார்.

இந்தப் பட்டியல் பாண்டியர் துறைமுகத்துக்கானது அல்ல. தெற்கே முசிறிக்கும் மது வந்ததை அதே நூல் சொல்கிறது, பெண்களைச் சொல்லவில்லை. எனவே மதுரையில் தேறல் ஊற்றியவர்கள் கப்பலில் வந்தவர்கள் என்று நாம் முடிவுகட்ட வேண்டியதில்லை. அவர்கள் உள்ளூர்ப் பெண்களாக இருக்கலாம், போரில் கொண்டுவரப்பட்டவர்களாக இருக்கலாம். ஆனால் மது பயணம் செய்த உலகம் எப்படிப்பட்டது என்பதைப் பட்டியல் காட்டிவிடுகிறது. அந்த உலகத்தில் கலமும் அதை ஏந்தும் கையும் சேர்ந்தே விற்பனைக்கு இருந்தன. 'கடல் கடந்த பண்பாட்டுப் பரிமாற்றம்' என்று நாம் இனிமையாகப் பேசும்போது, பரிமாறப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

அங்கிருந்து இங்கே மது வந்தது. இங்கிருந்து அங்கே மிளகும் துணியும் முத்தும் போயின. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகள் வேலை செய்ததாக அதே பெரிப்ளஸ் சொல்கிறது. இந்தியாவுக்கும் சீனத்துக்கும் அரேபியாவுக்கும் ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் பணம் போகிறது என்று பிளினி அங்கலாய்க்கிறார். நமது ஆடம்பரத்துக்கும் நமது பெண்களுக்கும் இவ்வளவு செலவாகிறது என்று அவர் கணக்கை முடிக்கும் விதம்தான் கவனிக்க வேண்டியது. லோலியா பவுலினா என்ற சீமாட்டி சாதாரண விருந்து ஒன்றுக்கு 4 கோடி செஸ்டர்ஸ் மதிப்புள்ள மரகதமும் முத்தும் அணிந்து வந்ததையும் எழுதுகிறார். அந்தச் சொத்து அவளுடைய தாத்தா மாகாணங்களைக் கொள்ளையடித்துச் சேர்த்தது என்பதையும் அவரே எழுதுகிறார். ஆனாலும் தமிழகத்து முத்து பற்றிய கட்டுரைகளில் நிலைத்த பெயர் கொள்ளையடித்த தாத்தாவுடையது அல்ல, அணிந்த பேத்தியுடையது. பேரரசின் பொக்கிஷம் காலியானதற்குப் பெண்ணின் கழுத்து காரணமாயிற்று. மிளகைத் தின்றவர்களும், கப்பலுக்கு முதல் போட்டவர்களும், வரி வசூலித்தவர்களும் கணக்கிலிருந்து நழுவிவிட்டார்கள்.

மண்ணைக் கேட்டவர்கள்

1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டினார். அரிட்டைன் துண்டுகளும் ஆம்போராக்களும் கிடைத்தன. அடுத்த ஆண்டு வெளியான அறிக்கையில் அரிக்கமேட்டை அவர் 'இந்திய-ரோமானிய வணிக நிலையம்' என்றார். அங்கே கிடைத்த இன்னொரு வகை மட்கலத்தையும் அவர் மத்தியதரைக் கடலோடு முடிச்சுப் போட்டார். அதுதான் ரௌலட்டட். உள்பக்க அடித்தட்டில், வட்ட வட்டமாக நுண்ணிய குறுகிய கோடுகள் பதித்த, வழவழப்பான தட்டு. இவ்வளவு நேர்த்தியான வேலைப்பாடு இங்கே தோன்றியிருக்க முடியுமா என்ற ஐயம் அந்த முடிவுக்குள் ஒளிந்திருந்தது. அழகன்குளம் உட்படக் கடற்கரை ஊர்களில் ரௌலட்டட் துண்டு கிடைத்தபோதெல்லாம் 'ரோமானியத் தொடர்பு' என்று எழுதுவது பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது.

அந்த வழக்கத்தை உடைத்தவர்களில் முதன்மையானவர் விமலா பெக்லி. ரௌலட்டட் கலத்தின் வடிவம், செய்முறை, மண்ணடுக்கு ஆகியவற்றை மறுபடி ஆராய்ந்து, அது இந்தியாவிலேயே செய்யப்பட்டது என்று 1988இல் வாதிட்டார். 1990களில் நடந்த எக்ஸ் கதிர் ஆய்வு, அந்தக் களிமண் கங்கைக் கழிமுகப் பகுதியைச் சேர்ந்தது என்று காட்டியது. ரோமானியத் தட்டு என்று நாம் பெருமைப்பட்டது வங்கக் கரையிலிருந்து வந்த தட்டு. அரிக்கமேட்டின் ஆம்போராக்களை எலிசபெத் லைடிங் வில் வகைபிரித்தார். மதுச்சாடிகளில் பெரும்பங்கு கிரேக்கத்தின் கோஸ் தீவு வகை என்றும், ஒலிவ எண்ணெயும் மீன் குழம்பும் வந்த சாடிகளும் உண்டு என்றும் காட்டினார். கோஸ் மது கடல்நீர் கலந்து செய்யப்படுவது. பொன் கலத்தில் ஏந்திய தேறலில் கொஞ்சம் உப்புக் கரித்திருந்தாலும் இருக்கும்! பின்னர் ராபர்ட்டா டோம்பர், இந்தியாவில் ரோமானிய ஆம்போரா என்று பதிவாகியிருந்த துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவற்றில் கணிசமானவை மெசபடோமியாவில் செய்து, உள்ளே கீல் பூசிய சாடிகள் என்று 2007இல் எழுதினார்.

மூவரும் பெண்கள். பெண் என்பதாலேயே மண்ணோடு நெருக்கம் வந்துவிடும் என்று சொல்வது பழைய கதையைப் புதிதாகச் சொல்வதாகும். அது நமக்கு வேண்டாம். தொல்லியலின் வேலைப் பிரிவினையைக் கவனிப்போம். மண்மேட்டை வெட்டுவது வீரம், தலைமை, செய்தித்தாள் படம். வெட்டியெடுத்த ஓடுகளைக் கழுவி, எண்ணி, வகைபிரித்து, உடைந்த விளிம்பின் விட்டத்தை அளப்பது பொறுமை. உலகெங்கும் இந்தப் பொறுமையான வேலையில் பெண்கள் கூடுதலாக வந்து சேர்ந்தார்கள். பின்கட்டு வேலை என்று ஒதுக்கப்பட்ட அந்த இடத்திலிருந்தே முன்கட்டின் பெரிய கதையைத் திருத்தினார்கள். 'எங்கிருந்து வந்தது' என்ற கேள்விக்குப் பதிலாக 'எப்படிச் செய்தார்கள், எதற்குப் பயன்பட்டது' என்று கேட்டார்கள். நம் அகழாய்வுக் குழிகளிலும் மண்கூடை சுமப்பதும் சலிப்பதும் ஓடு கழுவுவதும் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள்தான். பொன் கலம் ஏந்திய பெண்களைப் போலவே அவர்களும் அறிக்கையின் முன்னுரையில் கூட்டமாக மட்டும் வருகிறார்கள், வந்தால்.

டோம்பரின் பெயர் தமிழருக்கு நெருக்கமான இன்னொரு கலத்தோடும் சேர்ந்தது. எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல்-கதீமில் கிடைத்த ஒரு சாடித் துண்டு இந்தியக் கலம் என்று அடையாளம் கண்டவர் அவர். அதில் தமிழ் பிராமி எழுத்து இருந்தது. ஐராவதம் மகாதேவன் 'பானை ஒறி' என்று வாசித்தார், 2007இல் செய்தி வந்தது. உறியில் தொங்கவிடும் பானை. பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் பாலையும் தயிரையும் தொங்கவிட நம் அடுக்களைகளில் இருந்த அதே உறி. கடல் கடந்து கிடைத்த பழைய தமிழ்ச் சொற்களில் ஒன்று மன்னன் பெயரும் அல்ல, தெய்வத்தின் பெயரும் அல்ல, அடுக்களைச் சாமான். ரோமானிய மதுக்கலம் இங்கே வந்ததற்கு எத்தனை கட்டுரை எழுதினோம், உறிப்பானை அங்கே போனதற்கு எத்தனை எழுதினோம் என்று எண்ணிப் பார்த்தால் நம் மதிப்பீடுகள் தெரிந்துவிடும்.

ஒயினும் கள்ளும்

தொல்லியல் துறை அழகன்குளத்தில் 1986-87இல் தோண்டத் தொடங்கியது. வைகை கடலில் கலக்கும் ஆற்றங்கரைக்குப் பக்கத்து ஊர் அது. இடைவெளி விட்டு 2016-17 வரை பல பருவங்கள் அகழாய்வு நடந்தது. ஆம்போரா, ரௌலட்டட், ரோமானியக் காசுகள், தமிழ் பிராமி பொறித்த ஓடுகள், மணிகள், சங்கு வளையல் துண்டுகள், பானை ஓட்டில் கீறிய ஒரு கப்பல் உருவம் எல்லாம் கிடைத்தன. மூன்று பாய்மரக் கப்பல் என்று வாசிக்கப்பட்ட அந்த ஓடு உலகப் புகழ் பெற்றது. 2005இல் துறை ஆங்கிலத்தில் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பு அழகன்குளத்தை 'தமிழ்நாட்டின் பண்டைய ரோமானியத் துறைமுக நகரம்' என்கிறது. வாங்கியவனின் பெயர் ஊருக்கு வைக்கப்பட்டுவிட்டது. வீலர் 1946இல் வைத்த கண்ணாடியை நாமே எடுத்து மாட்டிக்கொண்டதுதான் இது. ஊரின் சங்கை அறுத்தவர்கள், வளையல் தேய்த்தவர்கள், மீன் உலர்த்தியவர்கள், உப்பு அள்ளியவர்கள் எல்லோரும் தங்கள் ஊரிலேயே விருந்தாளிகளாகிப் போனார்கள்.

மதுக்கலம் பற்றிய நம் பெருமையில் சாதியும் வர்க்கமும் கலந்திருக்கின்றன. ஆம்போராவில் வந்தால் அது நாகரிகம். கலயத்தில் இறங்கினால் அது குடிகெடுக்கும் கள். இராமநாதபுரம் பனைகளின் மாவட்டம். ஆண்கள் பனையேறிச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்க, பெண்கள் அதை மணிக்கணக்கில் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குகிறார்கள். புகையும் அனலும் தின்ற கண்கள் அவர்களுடையவை. நுளைமகள் மூட்டிய தீ இன்னும் அந்தக் கொட்டில்களில் எரிகிறது. தமிழ்நாட்டில் கள் இறக்குவது 1987 முதல் தடைசெய்யப்பட்டது; 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் வழியாக அரசின் கையில் இருக்கிறது. மரத்திலிருந்து இறங்கும் கள் குற்றம், ஆலையிலிருந்து வரும் புட்டி அரசு வருமானம். இதில் கூலியைக் குடித்துவிட்டு வரும் கணவனிடம் அடி வாங்குகிறவள் பெண். கடையை மூடச் சொல்லித் தெருவில் உட்காருகிறவளும் பெண். நாளும் ஊற்றியவளுக்கும் நாளும் அடி வாங்குகிறவளுக்கும் நடுவில் 2000 ஆண்டுகள் இருக்கின்றன. குடிப்பதன் மகிழ்ச்சியும் வருவாயும் ஒரு பக்கம், அதன் உழைப்பும் வலியும் இன்னொரு பக்கம் என்ற பிரிவினை மட்டும் அதிகம் நகரவில்லை.

மது கெட்டது, மரபு நல்லது என்று நாம் சொல்லவில்லை. ஔவையின் கள்ளை மறைப்பதும் தவறு, 56ஆம் பாட்டின் தேறலை மட்டும் கொண்டாடுவதும் தவறு. குடித்தவர்கள், வடித்தவர்கள், ஊற்றியவர்கள் மூவரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்து எழுதப்படும் வரலாறுதான் நமக்கு வேண்டும்.

நாவாய்க்கு ஒரு விண்ணப்பம்

பாண்டியரின் கடல் வணிகப் பெருமையைக் காட்ட இராமநாதபுரத்தில் 21 கோடி ரூபாயில் நாவாய் அருங்காட்சியகம் அமைக்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்ல செய்தி. அந்தக் கரையின் பொருள்கள் அந்தக் கரையிலேயே இருக்க வேண்டும். பாசி எடுக்கப் போய் வந்த பெண் மாலையில் தன் பிள்ளைகளோடு போய்ப் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

ஆனால் ஓர் அருங்காட்சியகம் பொருள்களால் மட்டும் ஆனதல்ல, அவற்றின் கீழே எழுதப்படும் பலகைகளாலும் ஆனது. ஆம்போரா துண்டின் கீழே 'யவனர் மது, பாண்டியர் செல்வம்' என்று எழுதிவிட்டுப் பொன் கலம் ஏந்திய பெண்ணின் மெழுகுச் சிலை ஒன்றை அலங்காரத்துக்கு நிறுத்திவிட்டால், நெடுநல்வாடையின் பாவை விளக்கை மறுபடி செய்துவைத்ததாக ஆகும். அதற்குப் பதிலாக அந்தத் துண்டின் பக்கத்தில் ஒரு கள் கலயத்தை வைக்கலாம். ரௌலட்டட் தட்டின் கீழே, இதை ரோமானியக் கலம் என்று நம்பினோம், அல்ல என்று விமலா பெக்லி காட்டினார் என்று எழுதலாம். சங்கு வளையல் துண்டைத் தனிப் பேழையில் வைத்து, அதை அறுத்த கையும் அணிந்த கையும் ஊற்றிய கையும் எவை என்று கேட்கலாம். பதில் இல்லாத கேள்வியை எழுதிவைக்க ஒரு பலகை போதும்.

அருங்காட்சியகத்தின் பெயருக்கும் ஒரு பெண் முன்னமே உரிமை கொண்டாடியிருக்கிறார். புறநானூற்றின் 66ஆம் பாட்டு, கடலில் நாவாய் ஓட்டிக் காற்றை ஏவல் கொண்டவனின் வழிவந்தவனே என்று கரிகாலனை அழைத்துத் தொடங்குகிறது. வெண்ணிப் போரில் வென்றவன் அவன். வென்றது நீதான், ஆனால் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தானே, அவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று அந்தப் பாட்டு வெற்றி பெற்றவன் முகத்துக்கு நேராகக் கேட்கிறது. பாடியவர் வெண்ணிக் குயத்தியார். வெண்ணி ஊரின் குயவர் குலப் பெண். பானை வனையும் குலத்துப் பெண் நாவாயைப் பாடினார். கப்பலுக்கு உரியவனை மெச்சுவதோடு நிறுத்தாமல், அவனை நிறுத்துப் பார்த்து, தோற்றவன் பக்கம் தராசு சாய்கிறது என்று சொன்னார். கலத்தை ஏந்தும் கையாக அல்ல, கலத்தின் எடையைச் சொல்லும் வாயாகத் தமிழில் ஒரு பெண் பேசியிருக்கிறார். நாவாய் அருங்காட்சியகத்தின் முதல் பலகையில் அவருடைய பெயர் இருக்கட்டும்.